குருநகருக்கு வந்த இமயமலை

கிட்ட வாருங்கள் பிள்ளைகளே. பாயில் இடம் இருக்கிறது. தூரத்தில் நிற்கிறவர்களும் வந்து குந்துங்கள், என் தொண்டை பெரிதில்லை. இன்றைக்கு உங்களுக்கு ஒரு மலையின் கதை சொல்லப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் ஏது மலை என்று கேட்பீர்கள். ஏறி நின்று பார்க்க ஒரு நல்ல மேடுகூட இல்லாத ஊர்தான். ஆனாலும் ஒரு பின்னேரம் இமயமலையே குருநகர்க் கடற்கரைக்கு வந்து, வள்ளங்களையெல்லாம் கரையேற்றிவிட்டுப் போனது. சிரிக்க நிறைய உண்டு. நடுவில் கொஞ்சம் பயமும் உண்டு. அந்த இடம் வரும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருந்த கடைசி வருடங்கள் அவை. கடலுக்குப் போகலாம் என்று ஒரு கிழமை, போகக்கூடாது என்று மறு கிழமை கட்டளை வந்துகொண்டிருந்த யுத்த காலம். போகலாம் என்ற நாளில் போய், கிடைத்ததைக் கொண்டுவந்து, அதற்குள்ளேயே கலியாணமும் கோயில் திருநாளும் நடத்திக்கொண்டுதான் சனங்கள் இருந்தார்கள்.

குருநகரில் மார்கிரட் என்றொருத்தி. அவளுடைய புருசன் கிறகோரிக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. மார்கிரட்டின் தம்பி சவூதியில் உழைத்து ஒரு தொலைக்காட்சிப் பெட்டி அனுப்பியிருந்தான். இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, பனை உயரத்தில் அன்ரனாவை இந்தியாவைப் பார்க்கத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கிறகோரிக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம் போதும். மார்கிரட்டுக்கு வேண்டியது செய்தி. செய்தியிலும் கடைசித் துண்டுதான் வேண்டும்.

அந்தக் கடைசித் துண்டில்தான் மேகப்படம் வரும். ஆகாயத்தில் எங்கேயோ எட்டாத உயரத்தில் நிற்கும் செய்மதி எடுத்து அனுப்பிய படம். கறுப்பில் கடல், வெள்ளையில் மேகம், நடுவே இந்தியாவின் கோடு. மூச்சை இழுத்து விடுவதற்குள் போய்விடும். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற வானத்தை ஒன்று மேலே நின்று குனிந்து பார்க்கிறதே என்று மார்கிரட்டுக்கு ஒரே அதிசயம். புருசனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்று வானம் பார்த்தே பழகியவள் அல்லவா!

ஆனால் பெட்டியில் ஒரு குறை இருந்தது. படம் சட்டத்தை விடப் பெரிதாக விரிந்து, கீழ்ப்பக்கம் வெட்டுப்படும். இந்தியாவின் தென்கோடி தெரிவதற்கு முன்பே உலகம் முடிந்து, பெட்டியின் மரச்சட்டம் தொடங்கிவிடும்.

"இஞ்சாருங்கோ, எங்கடை துண்டைக் காணேல்லை" என்றாள் மார்கிரட் ஒருநாள்.

"எந்தத் துண்டு?" என்றான் கிறகோரி.

"இலங்கை."

"அது கடலுக்குள்ளைதான் கிடக்கு. நீ கறியை வை."

அவள் விடுவாளா? பெட்டியின் பின்னால் ஒரு குமிழ் இருந்தது. அதை மெல்லத் திருப்பினால் படம் மேலே உருளும் என்று கண்டுபிடித்தாள். கார்த்திகை மாதத்து ஒரு பின்னேரம், மேகப்படம் வந்ததும் குமிழைத் திருப்பினாள். இந்தியா மேலே ஏறி மறைய, கீழே ஒளிந்திருந்த இலங்கை பெட்டியின் நடுவுக்கு வந்து நின்றது. சந்தோசப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. இலங்கைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை; அதற்கும் கீழே, அகலமாய், வெள்ளை வெளேரென்று, ஒரு பெரிய மேகக் கூட்டம்!

"சிசிலியா! ஓடி வா! தெற்காலை மலை மாதிரி ஒண்டு வருது!"

பக்கத்து வீட்டுச் சிசிலியா ஓடி வந்து பார்த்தாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. வேதக்கோயில் மணி அடிக்கிற செபநாயகத்துக்குச் செய்தி போனது. அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை, கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டார். மணிச் சத்தம் கேட்டுக் கரை முழுதும் திரண்டது. வள்ளங்களை உருட்டத் தென்னங்குற்றிகளைத் தேடி ஒரு பக்கம் ஓட்டம், வடக்கயிறு யாரிடம் என்று மறுபக்கம் சண்டை. இழு என்றவன் தள்ளினான், தள்ளு என்றவன் விழுந்தான். ஒருவன் மற்றவனின் வள்ளத்தைத் தன்னுடையது என்று நினைத்துத் தன் வளவுக்குள் கொண்டுபோய்விட்டான். கை தோலுரிய எல்லா வள்ளங்களையும் கோயில் வளவுக்குள் ஏற்றிவிட்டுப் புயலுக்காகக் காத்திருந்தார்கள்.

விடிந்தது. வெயில் என்றால் அப்படியொரு வெயில். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பக்கத்துப் பாசையூரார் போய் வள்ளம் நிறைய மீனோடு வந்து, எங்களுடைய கரைக்கு நேரே வந்ததும் வேண்டுமென்றே பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

கொக்குவிலிலிருந்து ரேடியோ, ரீவி திருத்துகிற சண்முகநாதனைக் கூப்பிட்டு, பெட்டி ஏன் பொய் சொன்னது என்று கேட்டாள் மார்கிரட். அவன் குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான்.

"அக்கா, நீங்கள் படத்தை உருட்டிப்போட்டியள். மேலை போன தலை காலுக்குக் கீழை வந்து நிக்குது. உது புயல் இல்லை. உது காஷ்மீர். உந்த வெள்ளை இமயமலைப் பனி."

நீங்களும் சிரியுங்கள் பிள்ளைகளே, நானும் சிரித்தவள்தான். அன்றைக்குப் பிறகு மார்கிரட் என்ற பெயர் கோயில் பதிவில் மட்டும் இருந்தது. கடைத் தெருவில் அவள் 'இமயமலை'. "மாமி, இண்டைக்கு ஸ்வெற்றர் போடவோ?" என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாரிலும் கூடப் பகிடி பண்ணியவர் பாசையூர் அடைக்கலநாதன். அந்த நாளில் வள்ளம் நிறைத்தவர் அவர்தான். சந்தையில் கிறகோரியைக் கண்டால், "என்ன காணும், உங்கடை பக்கம் பனி கரைஞ்சிட்டுதோ?" என்பார்.

சண்முகநாதன் சிரித்ததோடு நிற்கவில்லை. பெட்டியின் முதுகைக் கழற்றி, எதையோ திருகி, படத்தின் உயரத்தையே குறைத்துவிட்டான். மேலும் கீழும் கறுப்புப் பட்டி விழுந்தாலும், இந்தியாவும் இலங்கையும் இருந்த இடத்திலேயே முழுசாகத் தெரிந்தன. யாழ்ப்பாணம் ஓர் அரிசி அளவில் கிடந்தது. மார்கிரட்டுக்கு அது போதும். ஆனால் படத்தில் வருகிற மனிதர்களெல்லாம் கட்டையாகிவிட்டார்கள்.

"தம்பி சண்முகநாதன், என்ரை ஆளை ஏன் இப்பிடி நசிச்சு வைச்சிருக்கிறாய்?" என்று கிறகோரி குதித்தான். "சண்டை பிடிக்கிற மனிசன் பானை மாதிரி உருளுறான். திருப்பி நீட்டிவிடு!"

"நீட்டினால் எங்கடை ஊர் போயிடும்" என்றாள் மார்கிரட்.

"ஊர் எங்கையும் போகாது. நீ இமயமலை பாத்தது போதும்."

ஆனாலும் அவள் நீட்ட விடவில்லை. ஒரு வருடம் முழுதும் கிறகோரி தன் கதாநாயகனைக் கட்டையாகவே பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

அடுத்த கார்த்திகை வந்தது. அந்த வீட்டில் கலியாணம். மகள் அருமைநாயகிக்கு மாப்பிள்ளை யார் தெரியுமா? அதே அடைக்கலநாதனின் மகன் கிறிஸ்துநாயகம். பெட்டையும் பெடியனும் ஏற்கனவே மனம் ஒத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு ஓம் என்று சொல்வதுதான் மிச்சமாயிருந்தது. பேச்சுக்கு வந்த அன்றே அடைக்கலநாதன், "இமயமலை வீட்டிலை சம்பந்தம் செய்யிறம். சீதனமாய்ப் பனிக்கட்டி தருவினமோ?" என்று சிரித்துவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைத்தார். மார்கிரட் குசினிக்குள் நின்று உதட்டைக் கடித்தாள்.

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் நத்தார் முடியும்வரை கோயிலில் கலியாணம் வைக்கமாட்டார்கள். அதனால் அதற்கு முந்திய கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. அந்தக் கரையில் ஒரு வழக்கம்: பெண்ணின் தகப்பனோடு கூட்டாளிகளும் ஒருநாள் ஒன்றாகக் கடலுக்குப் போவார்கள், அன்று பட்ட மீனெல்லாம் கலியாண வீட்டுக்கு. அந்த மீன் வந்து இறங்குகிற அழகை வைத்துத்தான் பெண் வீட்டின் மதிப்பு. மீன் குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் வாயால் சொல்லமாட்டார்கள், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அது வாயால் சொல்வதை விடக் கொடுமை.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மேகப்படத்தில் மார்கிரட் ஒன்றைக் கண்டாள். கீழே, கிழக்குப் பக்கக் கடலில், ஒரு வெள்ளைத் திரளை. மகளின் கலியாணச் சாமான்களுக்குள் ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்று கிடந்தது. அதில் ஒரு சிவப்புப் பொட்டை உரித்து, பெட்டியின் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒட்டிவிட்டாள். மறுநாள் அந்த மேகத் திரள் இடம் மாறியிருந்தது. இரண்டாம் பொட்டு.

"அம்மா, ரீவிக்கும் கலியாணமோ?" என்றாள் அருமைநாயகி.

மார்கிரட் சிரிக்கவில்லை. புருசனிடம் போய்ச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, கடல் சரியில்லைப் போலை. நாளைக்குப் போகாதையுங்கோ."

கிறகோரி வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்தான். அலைகூட இல்லை. எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது.

"உதுவோ சரியில்லை? மார்கிரட், பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு. போன வருசம் ஊர் சிரிச்சுது. இந்த வருசம் சம்பந்தி சிரிப்பார். மீன் இல்லாமல் ஒரு குருநகர்க் கலியாணமோ? பெட்டை அந்த வீட்டிலை தலை நிமிர்த்தி இருக்க வேண்டாமோ?"

அவன் சொன்னதும் நியாயம்தானே? சொன்னது பிழையானால் மகளின் கலியாணம் கெடும். சொல்லாமல் விட்டால் மகளின் தகப்பனே... அதை அவள் நினைத்து முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கவேண்டாம்.

மறுநாள் பின்னேரம், கடலுக்குப் போகிற கூட்டாளிகள் எல்லாரும் வழக்கப்படி பெண் வீட்டில் சாப்பிட வந்தார்கள். வள்ளங்கள் தயார், எண்ணெய் ஊற்றியாயிற்று, வலை ஏற்றியாயிற்று. மார்கிரட் ஒரு வேலை செய்தாள். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கி, ஆண்கள் சாப்பிடுகிற விறாந்தையில் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன மச்சாள், பெட்டியும் சாப்பிடப் போகுதோ?" என்றாள் பரிமாறிக்கொண்டு நின்ற சிசிலியா.

"இல்லை. இமயமலை பாக்க விருப்பமான ஆக்கள் இருந்தால் பாக்கட்டும். போன வருசம் வடிவாய்ப் பாக்கேல்லையெண்டு குறை சொன்னவை."

விறாந்தை குலுங்கச் சிரித்தார்கள். "போடுங்கோ அக்கா, போடுங்கோ!" என்றார்கள். செபநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் இனி மணி அடிக்க மாட்டன் பிள்ளை. போன வருசம் அடிச்சதுக்குப் பங்குச் சுவாமி இன்னும் என்னைப் பாத்துச் சிரிக்கிறார்."

செய்தி ஓடியது. அன்றைக்குப் படம் அதிசயமாய்த் தெளிவு. வாசிக்கிற பெண், கட்டையாகத் தெரிந்தாலும், நிதானமாக வாசித்தாள். வங்கக் கடலில் புயல் சின்னம் என்றாள். அவர்கள் பகிடியை நிறுத்தவில்லை. பிறகு மேகப்படம் வந்தது.

கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, இதுதான் அந்த இடம்.

அந்தத் திரள் இப்போது திரளாக இல்லை. நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு நின்றது. மார்கிரட் பாய்ந்து போய் மூன்றாம் பொட்டை ஒட்டினாள். படம் போய்விட்டது. கண்ணாடியில் மூன்று சிவப்புப் பொட்டுகள் மட்டும் நின்றன.

"உது எந்த மலை அக்கா?" என்று ஒருவன் தொடங்கினான்.

"பொத்தடா வாயை" என்றான் கிறகோரி.

அவன் சோற்றுக் கையோடு எழுந்து பெட்டிக்குக் கிட்டப் போனான். கடலில் வலை விட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கரையில் தெரிகிற கோயில் சிலுவையையும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒற்றைப் பனையையும் ஒரே நேரில் பிடிப்பார்கள். அந்த நேர் தவறாமல் வள்ளத்தை விட்டால் வலைக்கு மேலேயே போய் நிற்கலாம். இரண்டு குறியைக் கண்டால் கோடு இழுக்கிற கண் அது. மூன்று பொட்டையும் கண்ட பிறகு அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இடக்கை விரலை முதலாம் பொட்டில் வைத்தான். இரண்டாம் பொட்டுக்கு நகர்த்தினான். மூன்றாவதுக்கு நகர்த்தினான். அதே நேரில், அதே அளவு இன்னொரு தரம் நகர்த்தினான். விரல் வந்து நின்ற இடத்தில், சற்றுமுன் யாழ்ப்பாணம் கிடந்தது.

"மலை நடக்காது" என்றான் கிறகோரி. "இது நடந்து வருது."

"விடியமுன்னம் திரும்பி வந்திடுவம் அண்ணை. கலியாண மீன்..." என்றான் ஒருவன்.

கிறகோரி குசினி வாசலைப் பார்த்தான். மார்கிரட் அங்கே முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அருமைநாயகி அவளுக்குப் பின்னால்.

"மீன் கடலிலை கிடக்கட்டும்" என்றான் அவன். "செபநாயகம் அண்ணை..."

கோயில் மணி கேட்டது. திரும்பிப் பார்த்தால் செபநாயகத்தின் கோப்பை மட்டும் இருந்தது, சோறு பாதியில்.

இந்த முறை யாரும் விழவில்லை. தென்னங்குற்றி எங்கே, கயிறு யாரிடம், எவன் இழுக்கவேண்டும், எவன் தள்ளவேண்டும் என்பதெல்லாம் போன வருடமே இமயமலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தது. சிசிலியா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் கயிற்றைப் பிடித்தாள். இருள்வதற்குள் வள்ளங்கள் கோயில் வளவுக்குள் மாடுகள் மாதிரி வரிசையாய்ப் படுத்துவிட்டன.

கிறகோரி சைக்கிளை எடுத்தான். பாசையூரில் அடைக்கலநாதன் கரையில் நின்று வலை ஏற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கிறிஸ்துநாயகமும் கூட நின்றான்.

"என்ன சம்பந்தி, திருப்பியும் இமயமலையோ?"

"ஓம். இந்தமுறை நேரை எங்கடை பக்கம்."

"போம் காணும்! கடலைப் பாரும், குழந்தை நித்திரை கொள்ளுற மாதிரிக் கிடக்கு."

"நான் உம்மோடை வாதாட வரேல்லை. மார்கிரட் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டவள், அதைச் சொல்லிப்போட்டுப் போறன். வள்ளம் உங்கடையாம், நீங்கள் விரும்பினமாதிரிச் செய்யலாமாம். மாப்பிள்ளை எங்கடையாம். அவரை மட்டும் கரையிலை கட்டி வைக்கட்டாம்."

அடைக்கலநாதன் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கட்டி வைக்கிறதெண்டால் வள்ளத்தோடை சேர்த்துத்தான் கட்டவேணும். இவன் வள்ளத்தை விட்டிட்டு நிக்கமாட்டான். டேய் பெடியள், குற்றியைக் கொண்டு வாங்கோடா! சம்பந்தி அம்மாவின்ரை கட்டளை!"

விடியும் முன்பே காற்று வந்தது. எப்படி வந்தது என்று விரித்துச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். பகல் முழுதும் அடித்தது. சிசிலியாவின் குசினிக் கூரை கோயில் முற்றத்தில் போய் இருந்தது. வள்ளங்கள் வழக்கமாய் நிற்கிற இடத்தில் அலை ஒரு பனை மரத்தைக் கொண்டுவந்து குத்தி வைத்தது. மார்கிரட் வீட்டு அன்ரனா வளைந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் அன்று குருநகரிலும் பாசையூரிலும் ஆட்களை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தொகை சரியாக இருந்தது.

மறுநாள் வானம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெளித்தது. கோயிலில் அருமைநாயகிக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளை முழங்கால்வரை வெள்ளத்தில் நனைந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தான்.

சாப்பாடு? அதுதான் மார்கிரட்டின் நெஞ்சில் கிடந்தது. ஒரு மீன்கூட இல்லை. கோழிகளைக் காற்று கொண்டுபோயிருந்தது. கலியாணத்துக்கு அழைத்திருந்த சண்முகநாதன் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்தான். அவன் சைவம், மீன் வீட்டுக் கலியாணத்தில் எனக்கு என்ன கிடைக்கும், வாழைப்பழம்தான் என்று எண்ணிக்கொண்டு, காற்றில் சாய்ந்த தோட்டத்துக் கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தான். அந்தச் சாக்குத்தான் கலியாணச் சமையலானது. கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு. தலைவாழை இலையில் அதைக் கண்டு சண்முகநாதன் திகைத்தான்.

"அண்ணை, எனக்காகவோ முழுக் கலியாணத்தையும் சைவமாக்கினனியள்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அடைக்கலநாதனைப் பார்த்தார்கள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மார்கிரட் குசினிக் கதவுக்குப் பின்னால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மீன் எங்கை சம்பந்தி?" என்றார் அவர்.

"கடலிலை" என்றான் கிறகோரி. "எங்கடை பெடியள் கரையிலை."

அடைக்கலநாதன் நிமிர்ந்து பந்தியைப் பார்த்தார். இந்தப் பக்கம் குருநகர்ப் பெடியள், அந்தப் பக்கம் பாசையூர்ப் பெடியள், நடுவில் நனைந்த காற்சட்டையோடு தன் மகன். பிறகு இலையை முன்னுக்குத் தள்ளினார்.

"சம்பந்தி அம்மா! அந்தக் கத்தரிக்காயிலை இன்னும் ரெண்டு அகப்பை போடுங்கோ. கொஞ்சமாய்ப் போட்டால் நான் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருப்பன், சொல்லிப்போட்டன்!"

அப்புறம் பாருங்கள், என்ன சத்தம், என்ன சிரிப்பு! மார்கிரட் அகப்பையோடு வெளியே வந்தாள். அவளுடைய கண் நனைந்திருந்தது, குசினிப் புகையாக இருக்கலாம்.

சாப்பிட்டு முடிந்ததும் சண்முகநாதன் கிணற்றிலிருந்து அன்ரனாவை நிமிர்த்திக் கட்டினான். பெட்டியைத் துடைத்துவிட்டு, "அண்ணை, கலியாணப் பரிசாய் உங்கடை கதாநாயகனைத் திருப்பி நீட்டிவிடவோ?" என்று கேட்டான்.

கிறகோரி கண்ணாடியில் நின்ற மூன்று பொட்டையும் பார்த்தான். கட்டை விரலால் ஒன்றைத் தடவினான், உரிக்கவில்லை.

"வேண்டாம் தம்பி. அவன் கட்டையாகவே இருந்து சண்டை பிடிக்கட்டும். எங்கடை ஊர் தெரிஞ்சால் போதும்."

கதை அவ்வளவுதான் என் கண்மணிகளே. பாயைச் சுருட்டுங்கள், வீட்டுக்குப் போங்கள். போகிற உங்கள் வீட்டுக் கூரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள் அதே வாசலால் உள்ளே வரட்டும். உங்கள் சட்டியில் மீன் இருந்தால் மீன், இல்லாவிட்டால் கத்தரிக்காய். எதுவானாலும் இன்னும் ரெண்டு அகப்பை கேட்கிற ஆட்கள் உங்கள் பந்தியில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.